பெருவிரலில் விச்சென்சா, பின்சக்கரத்தில் சக்காய்

பந்தயச் சைக்கிள் ஒன்று சுவரோரம் சாய்ந்து நின்றால் எல்லோரும் முதலில் பார்ப்பது அதன் சட்டத்தை. வண்ணத்தில் லயித்து, சக்கரத்தின் மெலிவை வியந்து, அப்படியே நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் நகராமல் சற்று என்னோடு நில்லுங்கள். ஹேண்டில்பார் முன்னால் நீண்டு கீழே வளைகிற இடத்தில் ரப்பர் உறை போர்த்திய பிடி இருக்கிறது, பாருங்கள். அதன்மேல் வலது கையை வையுங்கள். பெருவிரல் தானாகப் போய்ப் படியும் உட்பக்கத்தில் ஒரு சின்னக் குமிழ் தட்டுப்படுகிறதா? படுகிறதென்றால் அந்தப் பிடி இத்தாலியின் விச்சென்சா நகரத்துக் காம்பக்னோலோ செய்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

அந்தக் குமிழை அழுத்துங்கள். விரலுக்கு அடியில் ஒரு சிறு எதிர்ப்பு. அது சட்டென்று உடைந்து வழிவிடும். 'டக்' என்று ஒரு சத்தம். கிழடு தட்டாத, தெளிவான, கொஞ்சம் கர்வமான சத்தம். கேபிள் ஓரிழை தளர, பின்சக்கரத்தருகே செயின் ஒரு பல்சக்கரம் கீழே இறங்கிவிடும். இத்தனையும் நடந்து முடிந்தபோதும் கை பிடியைவிட்டு அசைந்திராது.

நான் பாராட்டப் புறப்பட்டது இந்தக் குமிழோடு நின்றுவிடுகிற வண்டியை அல்ல. குமிழ் விச்சென்சாவிலிருந்து வந்திருக்க, பின்னால் செயினைத் தாவவைக்கும் டெரெய்லியரும் பல்சக்கர அடுக்கும் ஜப்பானின் சக்காய் நகரத்து ஷிமானோவிலிருந்து வந்திருக்கும் கலப்பு வண்டியை. பத்து கியருக்கென்று செய்த காம்பக்னோலோ எர்கோபவர் லீவர், ஷிமானோ டியோர் டெரெய்லியர், ஷிமானோவின் எட்டுப் பல்சக்கரக் கேசட். சைக்கிளில் குலம் கோத்திரம் பார்க்கிறவர்கள் இந்தப் பட்டியலைக் கேட்டதுமே முகம் சுளிப்பார்கள். கம்பெனிகளின் கையேடுகளும் எங்கள் சாமானை எங்கள் சாமானோடு மட்டும் சேருங்கள் என்றுதான் கண்டிப்பாகச் சொல்லும். சொல்லட்டும். சேர்த்து ஓட்டிப் பார்த்தால்தான் ஒவ்வொரு பட்டறையும் எதன்மேல் ஆசை வைத்து உழைத்தது என்பது துலங்குகிறது.

லீவரிலேயே தொடங்கலாம். 1990 வரைக்கும் பந்தயக்காரர் கியர் மாற்ற வேண்டுமென்றால் ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து, கீழே சட்டத்தின் சாய்குழாயில் இருக்கும் சின்னக் கோலைத் தொட வேண்டும். கையை எடுக்காமல் மாற்ற ஷிமானோ 1990-ல் ஒரு வழி கண்டது. பிரேக் லீவரையே கியர் லீவராகவும் ஆக்கியது. இரண்டாண்டு கழித்து 1992-ல் காம்பக்னோலோ தன் எர்கோபவரைக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் சிகாகோவில் 1987-ல் பிறந்த எஸ்ராம், பந்தயச் சைக்கிளுக்கான தன் விடையை 2006-ல்தான் வைத்தது. கேள்வி ஒன்று, விடை மூன்று. மூன்றிலும் மூன்று மனப்போக்கு.

ஷிமானோவின் விடையில் பிரேக் லீவர் முழுசாக உள்நோக்கி ஒரு கதவுபோல மெல்லத் திரும்பும். செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறும். அதன் பின்னால் ஒட்டியிருக்கும் சிறிய தகட்டைத் தள்ளினால் இறங்கும். சத்தம் மிக அடக்கம். வெண்ணெயில் கத்தி இறங்குவது என்று ஓட்டுகிறவர்கள் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பேச்சுக்கு இந்த லீவர்தான் காரணம். எஸ்ராம் இன்னும் சிக்கனம். பிரேக் லீவர் பிரேக்குக்கு மட்டும். அதற்குப் பின்னால் ஒரே ஒரு இதழ். லேசாகத் தட்டினால் இறங்கும், இன்னும் கொஞ்சம் நீளத் தள்ளினால் ஏறும். ஒரே உறுப்பு, ஒரே திசை. தள்ளுகிற தூரத்தில் மட்டும் வித்தியாசம். புத்திசாலித்தனத்துக்கு நான் மதிப்பெண் போடுவதானால் எஸ்ராமுக்கே போடுவேன்.

ஆனால் மனசு விச்சென்சாவிடம்தான் போய் நிற்கிறது. அங்கே ஒவ்வொரு வேலைக்கும் ஓர் உறுப்பு. பிரேக்குக்கு முன்னால் ஒரு லீவர், ஏற்றத்துக்கு அதன் பின்னால் ஒரு துடுப்பு, இறக்கத்துக்குப் பெருவிரலில் குமிழ். எதுவும் இன்னொன்றின் வேலையைச் செய்வதில்லை, எதற்கும் குழப்பமில்லை. குளிரில் விரல் மரத்துப்போய்த் தடித்த கையுறை போட்டிருந்தாலும் எது எதுவென்று கை அறியும். ஏறும்போது விரல்கள் உள்ளே தள்ளுகின்றன, இறங்கும்போது பெருவிரல் கீழே அழுத்துகிறது. உடம்பின் நோக்கத்துக்கும் விரலின் அசைவுக்கும் நடுவே இப்படி ஓர் ஒத்திசைவை யோசித்தவர் யாரோ, அவர் சைக்கிளில் நிறைய நேரம் உட்கார்ந்தவராகத்தான் இருக்க வேண்டும். ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்துக் குனிந்து போகும்போது பழைய எர்கோபவரின் குமிழ் சின்னக் கைகளுக்கு எட்டாது. அழகிக்கு அந்தச் சிறு திமிர் இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த 'டக்' எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டுமானால் பிடிக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். பழைய எர்கோபவரின் உள்ளே பள்ளங்கள் வெட்டிய ஒரு வட்டத் தகடு. அதில் ஜோடியாய் இரண்டு குட்டி எஃகு வில்கள் உட்கார்ந்திருக்கும். ஆங்கில எழுத்து 'ஜி' போல வளைந்தவை. விரல் நுனியில் வைத்தால் மூச்சுக்காற்றில் பறந்துவிடும் அளவு. ஒவ்வொரு கியருக்கும் அவை ஒரு பள்ளத்திலிருந்து எழும்பி அடுத்த பள்ளத்தில் விழுகின்றன. நம் காதில் கேட்பது அந்த விழுகை. காலப்போக்கில் வில் களைத்துவிடும்; சத்தம் மங்கும். அப்போது பிடியைப் பிரித்து, வில்லை மட்டும் மாற்றி, பழையபடி பூட்டிவிடலாம். பிரிப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அது. ஷிமானோவின் லீவருக்குள்ளே இருப்பது இதைவிடச் சிக்கலான கடிகார வேலைப்பாடு. ஆனால் அதைத் திறந்து பழுதுபார்க்க அந்தக் கம்பெனி நமக்கு இடம் வைக்கவில்லை. நன்றாக உழைக்கும், ஒருநாள் நின்றுவிடும், அவ்வளவுதான்.

இன்னொரு நயம்: 1992-லேயே காம்பக்னோலோ கியர் கேபிளையும் பிரேக் கேபிளையும் ஹேண்டில்பாரில் சுற்றும் நாடாவுக்கு அடியில் மறைத்துவிட்டது. வண்டியின் முகம் துடைத்துவிட்டாற்போல இருக்கும். ஷிமானோவின் கியர் கேபிள்கள் முன்னால் வெறும் காற்றில் வளைந்து நின்றன. அவை நாடாவுக்குள் போக 2008 ஆயிற்று. பல்லாடியோவின் தூண்களும் வளைவுகளும் நிற்கிற ஊர் விச்சென்சா. அங்கே பட்டறை வைத்தவர்களுக்கு முகப்பு எப்படி இருக்க வேண்டும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லைபோலும். கம்பெனியைத் தொடங்கிய துல்லியோ காம்பக்னோலோ மது பாட்டிலின் தக்கை திறக்க ஒரு திருகைக்கூட அலட்சியமாகச் செய்ய மாட்டாதவர். 1960களில் அவர் பட்டறை செய்த தக்கைத் திருகு, சைக்கிள் ஏறாதவர்களும் தேடி வாங்குகிற பொருளாகிவிட்டது.

இனி வண்டியின் பின்பக்கம் வாருங்கள். குனிய வேண்டும், முடிந்தால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுங்கள்.

சக்காய், ஒசாகாவுக்குத் தெற்கே ஒட்டிய ஊர். கத்திக்கும் ஒரு காலத்தில் துப்பாக்கிக்கும் பேர்போன கொல்லர் ஊர். அங்கே 1921-ல் ஷோசாபுரோ ஷிமானோ தொடங்கிய பட்டறையின் முதல் சரக்கு ஃப்ரீவீல். சைக்கிளின் பின்சக்கரத்துக்காக எஃகைப் பல்லாக வெட்டுவதில்தான் அந்தக் கம்பெனியின் கை பழகியது. நூறாண்டு கழித்தும் அந்தப் பழக்கம் தெரிகிறது. பல்சக்கரம் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

எல்லாப் பல்லும் ஒன்றுபோலிருக்கும் என்றுதானே நினைப்போம்? ஷிமானோ 'ஹைப்பர்கிளைடு' என்று பெயரிட்டு 1980களின் கடைசியில் கொண்டுவந்த பல்சக்கரத்தில் பக்கத்துப் பக்கத்துப் பல் வேறுபடும். ஒன்று முழு உயரம். அடுத்தது நுனி சீவப்பட்டது. அதற்கடுத்தது ஒருபக்கமாய் முறுகியிருக்கும். தெரியாதவர்கள் பல் மழுங்கிவிட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லக்கூடும். மழுங்கலில்லை, வெட்டி வைத்த வாசல். செயின் ஏற வேண்டிய இடத்தில் பல்லைத் தணித்து வழிவிட்டிருக்கிறார்கள். பெரிய பல்சக்கரத்தின் பக்கவாட்டில் ஒரு சரிவையும் குடைந்திருக்கிறார்கள். செயின் அதில் தொற்றிப் படியேறி மேலே போய் உட்காரும். இரண்டு பல்சக்கரத்திலும் ஒரே நேரத்தில் செயின் பல்லில் பொருந்தி நிற்கும் ஒரு கணம் வரும்படி வாசலின் இடம் கணக்கிடப்பட்டிருக்கிறது. ஆகவே மிதிப்பதை நிறுத்தாமலே, காலில் பளு இருக்கும்போதே கியர் மாறுகிறது. இத்தனை வேலையும் கறுத்த கிரீஸுக்கு அடியில், யாரும் பார்க்காத இடத்தில். கேசட்டைத் துடைத்துவிட்டு வெயிலில் சாய்த்துப் பிடித்தால் அந்தச் சரிவுகள் வரிசையாக மின்னும். ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குப் படிக்கட்டு திரும்பித் திரும்பி ஏறுவது தெரியும்.

டெரெய்லியருக்கு வருவோம். நான்கு கணுக்களில் மடங்கும் இணைகரம் ஒன்று. அதன் முனையில் இரண்டு குட்டிக் கப்பிகள். கேபிள் இழுத்தால் இணைகரம் மடங்கிச் செயினை உள்ளே தள்ளும். தளர்ந்தால் உள்ளிருக்கும் சுருள்வில் அதை வெளியே கொண்டுவரும். அந்த இணைகரம் நேராக நிற்காமல் சாய்ந்து நிற்பதைக் கவனியுங்கள். பல்சக்கரங்கள் பெரிதாகிக்கொண்டே போக, மேல் கப்பியும் அந்தச் சரிவுக்கு இணையாக ஒதுங்கிக்கொண்டே போகிறது. எல்லாப் பல்சக்கரத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே இடைவெளி. சைக்கிள் நுட்பத்தில் இதைவிட எளிய, இதைவிட அழகான யோசனை அதிகம் இல்லை.

அந்தச் சாய்வு ஷிமானோவின் யோசனை அல்ல. போட்டிக் கம்பெனியான ஜப்பானின் சன்டூர் 1964-ல் அதற்குக் காப்புரிமை பெற்றது. அந்த உரிமை 1984-ல் காலாவதியானது. அதே வாக்கில்தான் ஷிமானோவின் பந்தய வரிசையான டூரா-ஏஸ் சாய்ந்த இணைகரத்தோடு, ஒரு 'டக்'குக்கு ஒரு கியர் என்று நிற்கும் அமைப்போடு வெளிவந்தது. மேல் கணுவிலும் சுருள்வில் வைப்பது பிரான்சின் சிம்ப்ளெக்ஸ் நெடுநாளாகச் செய்துவந்தது. அதையும் சேர்த்துக்கொண்டார்கள். சக்கரத்தை ஸ்பேனரில்லாமல் ஒரு கோலைத் திருப்பிக் கழற்றுகிறோமே, அந்த நுட்பம் துல்லியோ காம்பக்னோலோவினுடையது. 1927-ல் குரோச்சே தாவுனே மலையில் பனியில் விரல் விறைத்து, சக்கரத்தின் இறகுத் திருகைக் கழற்ற முடியாமல் பந்தயத்தைத் தோற்றபோது அவருக்கு அது உதித்தது என்று சொல்வார்கள். அவருடைய எதிரிகள் எல்லோருடைய வண்டியிலும் அது இருந்தது. ஆகவே ஒரே கம்பெனிச் சாமானை மட்டும் பூட்டிய சுத்தமான வண்டி என்று ஒருவர் மார்தட்டினால் சிரித்துவிட்டுப் போங்கள். அந்தச் சுத்தத்துக்குள்ளேயே நாலு ஊர் கலந்திருக்கிறது.

சரி, விச்சென்சாக் குமிழும் சக்காய் டெரெய்லியரும் எப்படிச் சேர்கின்றன? இங்கேதான் எனக்கு மெய்சிலிர்ப்பது. பொருத்தம் பார்க்க மூன்று எண் போதும். ஒரு 'டக்'குக்கு லீவர் எவ்வளவு கேபிள் இழுக்கிறது. டெரெய்லியர் அந்த இழுப்பை எத்தனை மடங்காக்கிப் பக்கவாட்டில் நகர்கிறது. பல்சக்கரத்திலிருந்து பல்சக்கரத்துக்கு எவ்வளவு தூரம். முதல் இரண்டையும் பெருக்கினால் மூன்றாவது வர வேண்டும்.

காம்பக்னோலோவின் பத்து கியர் லீவர் ஒரு 'டக்'குக்குச் சராசரியாக 2.8 மில்லிமீட்டர் இழுக்கும். அதன் சொந்த டெரெய்லியர் அதை 1.5 மடங்காக்கும், அதன் பல்சக்கரங்களின் இடைவெளி சுமார் 4.15 மில்லிமீட்டர். ஷிமானோவின் பத்து கியர் லீவர் 2.3 மில்லிமீட்டர்தான் இழுக்கும், டெரெய்லியர் 1.7 மடங்கு, இடைவெளி 3.95. எஸ்ராம் இதே இடைவெளிக்கு எதிர்த்திசையில் போய் 3.1 மில்லிமீட்டர் இழுத்து, 1.3 மடங்கோடு நிறுத்திக்கொண்டது. நிறைய இழுத்துக் குறைவாகப் பெருக்கினால் கேபிளில் சேரும் அழுக்கும் நெகிழ்வும் குறைவாகப் பெருகும் என்பது அவர்கள் எண்ணம், நல்ல எண்ணம். மூன்று கம்பெனியும் ஒரே தூரத்தை ஏறத்தாழ எட்டுகின்றன. ஆனால் ஒருவருடைய லீவர் இன்னொருவருடைய டெரெய்லியரோடு சேராதபடி வழி மாறிப் போயிருக்கிறார்கள். வேலி போட்டதாகவும் சொல்லலாம், தங்கள் ருசிப்படி சமைத்ததாகவும் சொல்லலாம்.

அந்த வேலியில் ஒரு சந்து. இத்தாலிய லீவரின் 2.8-ஐ ஜப்பானிய டெரெய்லியரின் 1.7-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 4.76. ஷிமானோவின் எட்டுப் பல்சக்கரக் கேசட்டில் இடைவெளி எவ்வளவு? 4.8.

நூற்றில் நான்கு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசம். எட்டுப் பல்சக்கரத்தில் ஏழு தாவல். ஏழும் சேர்ந்தால் 0.28 மில்லிமீட்டர். நடுப் பல்சக்கரத்தில் சரியாக நிறுத்திக்கொண்டால் இரண்டு ஓரத்திலும் 0.14 மட்டும் விலகும். யாரும் திட்டமிடவில்லை. இரண்டு கம்பெனியும் ஒன்றையொன்று கேட்டுச் செய்யவில்லை. 1990களின் ஜப்பானிய எட்டுக்கும், 2000-ல் பிறந்த இத்தாலியப் பத்துக்கும் நடுவே இப்படியொரு பொருத்தம் தானாய் விழுந்துகிடந்தது. பிரிட்டனின் நெடுந்தூரச் சைக்கிள்காரர்கள் அதைக் கண்டெடுத்து 'ஷிமர்கோ' என்று செல்லப்பெயரும் வைத்தார்கள். பதினொரு கியர் எர்கோபவருக்கும் இதே அதிர்ஷ்டம் உண்டு. அதன் இழுப்பு 2.6, பெருக்கினால் 4.42, ஷிமானோவின் ஒன்பது பல்சக்கர இடைவெளி 4.35. கொஞ்சம் இறுக்கம்தான், ஆனால் ஓடும்.

மிச்சமிருக்கும் 0.14-ஐ யார் விழுங்குகிறார்கள்? மேல் கப்பியை விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லேசாக அசையும். தேய்ந்துபோய் ஆடுகிறது என்று எண்ணிவிட வேண்டாம், புதுசிலேயே அப்படித்தான். ஷிமானோ வேண்டுமென்றே விட்ட அசைவு அது. 'டக்' அமைப்பில் லீவர் சொன்ன இடத்துக்கும் பல்சக்கரம் இருக்கும் இடத்துக்கும் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும், கப்பி தானே நகர்ந்து செயினை நேர்க்கோட்டில் நிறுத்திக்கொள்ளும். தங்கள் பட்டறைச் சாமானில் வரும் சின்னச் சின்னப் பிசகை மன்னிக்க வைத்த இடம், அந்நிய லீவரையும் மன்னித்துவிடுகிறது. இந்தச் சின்ன அசைவின் பெருந்தன்மையை நினைத்துக்கொண்டே நான் கப்பியைத் துடைப்பது வழக்கம்.

கேபிள் உறையையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். பிரேக் கேபிளின் உறைக்குள்ளே கம்பி சுருளாய்ச் சுற்றியிருக்கும். அழுத்தினால் சற்றுக் குறுகும். கியர் கேபிளின் உறையில் மெல்லிய எஃகு இழைகள் நீளவாக்கில் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும், குறுகாது. அரை மில்லிமீட்டர் குறுகினாலும் நாம் மேலே போட்ட கணக்கெல்லாம் வீணாகிவிடும். வெட்டிய முனையை உற்றுப் பாருங்கள், இழைகளின் வட்டம் அத்தனை சீராக இருக்கும். அந்த முனையைக் கரடுமுரடாக விட்டு உலோக மூடியை மாட்டுகிற மெக்கானிக்கிடம் கலப்பு வண்டியைக் கொடுக்காதீர்கள்.

டெரெய்லியரின் பின்னால் கேபிள் நுழையும் இடத்தில் ஒரு சின்னப் பீப்பாய்த் திருகு உண்டு. தம்புராவில் பிருடை ஓரளவுக்குத்தான் சுருதி சேர்க்கும். மிச்சத்தைப் பாலத்துக்குக் கீழே தந்தியில் கோத்த மணியை மயிரளவு நகர்த்தித்தான் சேர்ப்பார்கள். இந்தத் திருகு அந்த மணி. கேபிளை இறுக்கிப் பூட்டுவது முரட்டு வேலை; இதைக் கால் சுற்று திருப்புவது காதின் வேலை. பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே கேட்க வேண்டும். செயின் பக்கத்துப் பல்சக்கரத்தை உரசினால் கரகரப்பு. கால் சுற்று. இன்னும் கொஞ்சம் கரகரப்பு. மறுபடி கால் சுற்று. திடீரென்று சத்தம் நின்று, செயின் ஓடுகிற ஒரே சீரான முனகல் மட்டும் மிஞ்சும். ஒரே கம்பெனி வண்டியில் இந்த இடம் அகலமாக இருக்கும், எளிதில் அகப்படும். கலப்பு வண்டியில் அது ஒடுக்கம். ஒடுக்கமாக இருப்பதால் அகப்படும்போது சந்தோஷம் அதிகம்.

பத்து கியர் லீவரில் ஒன்பது 'டக்'; எட்டுப் பல்சக்கரத்துக்கு வேண்டியது ஏழு. மிச்சம் இரண்டு சும்மா இருக்கும். டெரெய்லியரின் எல்லைத் திருகுகள் செயினை வெளியே போகவிடாமல் காத்துக்கொள்ளும். முன்பக்கம் இந்த வம்பே இல்லை. காம்பக்னோலோவின் இடது லீவரில் அந்தக் காலத்தில் சிறு சிறு பற்களாய் நிறைய 'டக்' வைத்திருந்தார்கள். எந்தக் கம்பெனியின் முன் டெரெய்லியரையும், இரண்டு தட்டோ மூன்று தட்டோ, வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். செயினை எஸ்ராமிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கருவியில்லாமல் கோக்கும் இணைப்புக் கண்ணி அவ்வளவு அருமை. எஸ்ராமுக்கும் வண்டியில் ஓர் இடம் கொடுத்ததாகும்.

இந்தக் கலப்பில் அழகு மட்டும்தானா, பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: உண்டு. காம்பக்னோலோவின் பத்து கியர் கேசட்டில் மிகப்பெரிய பல்சக்கரம் பொதுவாக 29 பல். பந்தய வீரர்களுக்கு அது போதும். மூட்டை கட்டிக்கொண்டு மலையேறும் சாதாரண முழங்கால்களுக்குப் போதாது. ஷிமானோவின் டியோர் மலைச் சைக்கிளுக்கான டெரெய்லியர். 32 பல் சக்கரத்தை அலட்டிக்கொள்ளாமல் ஏறும். விச்சென்சாவின் விரல்நயத்தோடு சக்காயின் ஏறுபலம் சேர்கிறது. இரண்டில் எதை விட்டாலும் மற்றது குறைப்படும்.

எண்கள் தாமாகப் பொருந்தாத இடத்தில் மனிதர்கள் பொருத்தியும் இருக்கிறார்கள். ஷிப்ட்மேட் என்று ஒரு சாமான்; இரண்டு வெவ்வேறு விட்டத்தில் பள்ளம் வெட்டிய ஒரே ஒரு குட்டிக் கப்பி. லீவரிலிருந்து வரும் கேபிள் ஒரு பள்ளத்தில் சுற்றி, மற்றதன் வழியாக வெளியேறும். சின்னதில் நுழைந்து பெரியதில் வெளிவந்தால் இழுப்பு கூடும். மாற்றிச் சுற்றினால் குறையும். இதைவிடச் சிக்கனமாகவும் செய்யலாம். டெரெய்லியரில் கேபிளை நெருக்கும் திருகின் மறுபக்கமாய்க் கேபிளைப் பிடித்தால், கணுவிலிருந்து அது இழுக்கும் தூரம் சில மில்லிமீட்டர் மாறிவிடும். கூடவே பெருக்கமும் மாறும். காசு செலவே இல்லை. மாசசூசெட்ஸில் சைக்கிள் கடையில் வேலை பார்த்தபடி உலகத்துக்கே இந்த நுணுக்கங்களை எழுதிவைத்தவர் ஷெல்டன் பிரவுன் (1944–2008). இப்படிப்பட்ட சேர்க்கைகளை அவர் எழுதும்போது தெரிகிற குறும்பைப் படித்தே பலர் ஸ்பேனரைக் கையில் எடுத்தார்கள்.

பந்தய உலகத்துக்கும் இது புதிதல்ல. 1980களின் தொடக்கத்தில், வண்டி முழுக்கக் காம்பக்னோலோ பூட்டிய வீரர்களிலேயே பலர் கியர் கோலை மட்டும் சிம்ப்ளெக்ஸிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கோலுக்குள் ஒரு சுருள்வில் இருந்து, இழுக்கும்போது இலகுவாகவும் விட்டபின் உறுதியாகவும் நிற்கும். காம்பக்னோலோவின் கோலைவிட அது நயமானது. அவர்களுக்குத் தெரிந்திருந்தது, மாற்றிக்கொண்டார்கள்.

ஷிமானோ 2009-ல் பந்தயச் சைக்கிளிலும் மின்சாரத்தால் கியர் மாற்றத் தொடங்கியது. எஸ்ராம் 2015-ல் கம்பியே இல்லாமல் மாற்றியது. அவை அற்புதமாக வேலை செய்கின்றன. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கேபிள் போனதோடு அந்த மூன்று எண்களும் போய்விட்டன. ஒரு கம்பெனியின் லீவர் இன்னொரு கம்பெனியின் மோட்டாரோடு பேசாது. பேச வைக்கப் பென்சிலும் காகிதமும் போதாது. காம்பக்னோலோவே 2023-ல் தன் கம்பியில்லா லீவரில் பெருவிரல் குமிழை எடுத்துவிட்டது. ரசிகர்கள் விடவில்லை, 2025-ல் அது திரும்பி வந்தது. திரும்பி வந்தது எனக்கும் மகிழ்ச்சிதான். என்றாலும் உள்ளே இப்போது மின்தொடர்பு. அந்த ஜோடி எஃகு வில்கள் பள்ளத்தில் விழுகிற சத்தம் பழைய லீவர்களில்தான் இருக்கிறது.

ஆகவே உங்களிடமோ தெரிந்தவர் வீட்டுப் பரணிலோ பழைய பத்து கியர் எர்கோபவர் ஜோடி கிடந்தால், இத்தாலியக் கேசட்டுக்கு விலை கட்டாது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வில் மாற்றி, கிரீஸ் வைத்து, பின்னால் 1.7 மடங்காக்கும் ஒரு ஷிமானோ டெரெய்லியரைப் பூட்டுங்கள். பழைய டூரா-ஏஸ் 7400 வரிசை போன்றவை வேண்டாம், அவற்றின் கணக்கு வேறு. எட்டுப் பல்சக்கரக் கேசட்டும் அதற்கான செயினும் இன்றும் சாதாரணக் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன.